தங்கும் நஞ்சும் தணிக்கும் வழியும்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகும் பழைய மாணவர் பெரும்பாலும் பழமை பேசுவர். தம்மைப் பயிற்றிய ஆசிரியர், தாம் தங்கிய விடுதி, தாம் ஆடிய மைதானம், தமக்குக் கிடைத்த பிரம்படி என்பன அவர்தம் நினைவில் நிறைந்து எழுத்தில் வழியும். அது குற்றமன்று, நன்றி மறவாமையின் ஒரு பகுதியே அது. ஆயினும், விழா என்பது சென்ற காலத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு மட்டுமன்றி, வருங்காலத்தவர்க்கு யாம் விட்டுச் செல்வன யாவை எனக் கணக்கெடுப்பதற்கும் உரிய சமயமாகும். யாம் விட்டுச் செல்லும் கட்டடங்களையும் புலமைப்பரிசில் நிதிகளையும் பற்றிப் பிறர் எழுதுவர். யாம் எழுத விரும்புவது, அறியாமலே விட்டுச் செல்லும் வேறொரு முதுசொம் பற்றியது. அஃது எம் உடலினுள்ளே இருக்கின்றது. எம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உடலினுள்ளும் இருக்கின்றது.

எம் அம்மான் ஒருவர் கிளிநொச்சிப் பக்கத்திலே வயல் செய்து வந்தார். பள்ளி விடுமுறைக்கு அங்கு செல்லும் காலங்களில், காக்கிச் சட்டையணிந்த ஊழியர் விசிறு கருவியைத் தோளிலே மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவதை யாம் கண்டிருக்கின்றோம். மண்சுவர் எங்கும் மருந்து விசிறப்படும். உலர்ந்த பின்னர்ச் சுவரிலே வெண்பொடி படிந்து கிடக்கும். சிறுவராகிய யாம் அதிலே விரலாற் பெயரெழுதி விளையாடுவோம். அம்மான் எம்மைக் கண்டித்தாரல்லர். உடன்பிறந்தார் இருவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அவருக்கு அந்த வெண்பொடி திருநீறு போன்றதாகவே இருந்தது.

அவர் கருதியதிலே தவறில்லை. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையைச் சூறையாடிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. டி.டி.ரி. என்னும் பொருள் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்பதை 1939இல் சுவிற்சர்லாந்து நாட்டுப் பவுல் முல்லர் கண்டறிந்தார்; 1948இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலந்தொட்டு இலங்கையில் அது வீட்டுச் சுவர்களில் விசிறப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேரே. ஆயினும் விசிறல் நிறுத்தப்பட்டுக் கண்காணிப்புத் தளர்ந்தமையால் 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் இலட்சக் கணக்கானோரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் நுளம்புகளும் டி.டி.ரி.க்கு அஞ்சாதனவாயின. வேறு மருந்துகளாலும், குருதிப் பரிசோதனையாலும், இடையறாக் கண்காணிப்பினாலும் நோய் மெல்ல மெல்லத் துரத்தப்பட்டது. இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா இறுதியாகக் காணப்பட்டது 2012இல். உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது 2016இல்.

இவற்றை யாம் எடுத்துரைப்பது, இரசாயனப் பொருள் யாவும் தீயவை என்று ஓலமிடுவார் கூட்டத்தில் எம்மையும் வாசகர் சேர்த்துவிடாதிருத்தற் பொருட்டேயாம். அந்த வெண்பொடி பல உயிர்களைக் காத்தது. ஆனால், காத்தபின் அது போய்விடவில்லை. இதுவே எம் கட்டுரையின் பொருள்.

டி.டி.ரி. நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். உடலினுட் புகும் வேண்டாப் பொருளை நீரிற் கரையுமாறு மாற்றிச் சிறுநீர் வழியே போக்குதல் ஈரலின் தொழில். டி.டி.ரி.யை ஈரல் சிறிது மாற்றுகின்றது; மாறிய பொருளோ தாய்ப்பொருளினும் பிடிவாதமானது. அது கொழுப்பிலே சென்று ஒதுங்கிப் பல ஆண்டுகள் குடியிருக்கின்றது. புல்லில் அணுவளவாக உள்ளது, அதனை நாள்தோறும் மேயும் பசுவின் கொழுப்பிலே பெருகுகின்றது. பாலை உண்ணும் மனிதரிடத்தே மேலும் பெருகுகின்றது. 1962இல் அமெரிக்கப் பெண்மணியாகிய இறேச்சல் கார்சன் இவ்வுண்மையைப் பொதுமக்கள் உணரும் வண்ணம் நூலாக எழுதினார். 1972இல் அந்நாடு டி.டி.ரி.யின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. தடைசெய்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதன் எச்சம் உலகெங்கும் மனிதர் குருதியிற் காணப்படுகின்றது. சுவரிலே யாம் எழுதிய பெயர் அழிந்தது. எம்முள்ளே அச்சுவர் எழுதிய எழுத்து எளிதில் அழியவில்லை.

டி.டி.ரி. சென்ற தலைமுறையின் கதை. இத்தலைமுறையின் இல்லங்களிலே புகுந்திருப்பன வேறு. அவற்றுள் முதன்மையானவை காபனும் புளோரீனும் இணைந்த ஒரு பெருங் குடும்பம், பி.எவ்.ஏ.எஸ். என அதனைச் சுருக்கி வழங்குவர். 1938இல் அமெரிக்காவில் ரோய் பிளங்கெற் என்னும் இளம் இரசாயனர் குளிரூட்டி வாயு ஒன்றை ஆராயுங்காற் தற்செயலாகக் கண்ட வழுவழுப்பான வெண்பொருளே ஒட்டாச் சட்டிகளின் பூச்சாயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த பிற பொருள்கள், கறை பிடியாத் துணி, நீர் ஒட்டா மழையங்கி, எண்ணெய் ஊறாக் கடதாசி, தீயணைக்கும் நுரை எனப் பலவாறு பரவின. காபனுக்கும் புளோரீனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு மிக வலியது. வெயிலும் மழையும் நுண்ணுயிரும் அதனை எளிதிற் சிதைக்கமாட்டா. இவை கொழுப்பில் ஒதுங்குவனவல்ல. குருதிப் புரதத்தைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் உலாவுகின்றன. சிறுநீரகம் வெளியே தள்ள முயன்றாலும் பெரும்பகுதி மீண்டும் உள்ளே உறிஞ்சப்படுகின்றது.

இவற்றால் நேரும் தீங்கு வெறும் ஐயமன்று. மேற்கு வேர்ஜினியாவிலே தொழிற்சாலை ஒன்றின் அயலில் நீர் மாசுற்ற ஊர்களில் ஏறத்தாழ 69,000 மக்களின் குருதியை ஆராய்ந்த அறிஞர் மூவர், 2012 அளவில் தம் முடிவுகளைத் தந்தனர். சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரோயிட்டு நோய், குடற்புண், உயர்ந்த கொலஸ்திரோல், கருவுற்ற காலத்துக் குருதி அழுத்தம் என்னும் ஆறனோடும் இவ்வினத்துப் பொருளாகிய பி.எவ்.ஓ.ஏ. தொடர்புடையதாதல் கூடும் என்பதே அவர் துணிபு. 2023இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் அதனை மனிதரிற் புற்றுநோய் விளைப்பது எனவே வகுத்தது. 2024இல் ஐக்கிய அமெரிக்கா குடிநீரில் அதற்கு வகுத்த எல்லை, ஓர் இலீற்றருக்கு 4 நனோகிராம். கடுகு ஒன்றை நினைத்து, அதனையும் இலட்சம் கூறாக்கி நினைப்பார்க்கே அவ்வளவு எத்துணை நுண்ணியது என்பது ஒருவாறு புலனாகும்.

இனி, மெத்தை, கதிரை, மின்கருவி ஆகியன தீப்பற்றாதிருத்தற்காக முன்பு சேர்க்கப்பட்ட புரோமீன் பொருள்கள் வீட்டுத் தூசியிலே கலந்து கிடக்கின்றன. பழைய நெய்ப்பூச்சு வர்ணங்களில் உள்ள ஈயம், உரியும் பொருக்கோடும் சுரண்டும் தூளோடும் குழந்தைகளின் கையிலும் வாயிலும் சேர்கின்றது. ஈயம் குருதியில் மாதக் கணக்கிலும் எலும்பிற் பல்லாண்டுக் கணக்கிலும் தங்கும். சுண்ணாம்புச் சத்தையும் இரும்புச் சத்தையும் போல நடித்து உட்புகும் வஞ்சகப் பொருள் அது. சிறார் மூளையின் வளர்ச்சியை அது கெடுக்கின்றது. இன்ன அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை அதற்கு இல்லை.

இவற்றோடு, எவரும் விலைக்கு வாங்காமல் எமது வளவிலேயே நாம் ஆக்கிக்கொள்ளும் நஞ்சு ஒன்று உண்டு. மாலையிற் குப்பை கூட்டிக் கொளுத்துவது எம்மூர் வழக்கம். அக்காலக் குப்பை மாவிலையும் பலாவிலையும் பனஞ் சருகுமாம். இன்றைய குப்பையிலே பொலித்தீன் பையும், பிளாஸ்ரிக் போத்தலும், மின்கம்பி உறையும் கலந்துள்ளன. அடுப்பு மூட்டுவதற்குப் பொலித்தீன் துண்டைத் தீக்குச்சியிற் கொளுத்தி வைக்கும் பழக்கமும் பல வீடுகளில் உண்டு. குளோரீன் கலந்த பொருள்கள் குறை வெப்பத்திற் புகைந்து எரியும்போது டயொட்சின் என்னும் கொடிய பொருள் பிறக்கின்றது. அஃது உடலில் அரைவாசியாகக் குறைவதற்கு 7 முதல் 11 ஆண்டுகள் செல்லும் என்பர். புகை போய்விட்டது என எண்ணுகின்றோம். அது வளவுப் புல்லிலே படிகின்றது. புல்லைப் பசு மேய்கின்றது. மண்ணைக் கோழி கிளறுகின்றது. பாலும் முட்டையும் பிள்ளைக்கு ஊட்டப்படுகின்றன. மாலையிற் கொளுத்திய தகப்பனும் காலையிற் பால் காய்ச்சும் தாயும் தம் செயல்கள் இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை அறியார்.

இவ்வாறு சேர்ந்த சுமையை இயற்கை வழியிலே இறக்குவது எப்படி? இவ்வினாவுக்கு விடை கூறுவதாகப் பலர் இன்று கடை விரித்துள்ளனர். ஏழு நாளிற் குருதியைத் தூய்மையாக்கும் சாறு, ஒரு மாதத்தில் ஈரலைக் கழுவும் சூரணம், நஞ்சை வியர்வையாக வடிக்கும் நீராவிப் பெட்டி, உள்ளங்காலில் ஒட்டி உறங்கினால் நச்சுநீரை ஈர்க்கும் ஒட்டுத்தாள் எனப் பலவும் விற்கப்படுகின்றன. எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் இத்தகைய சூரணம் ஒன்றை மூன்று மாதம் உண்டார்; அரை வயிறும் உண்டார். உடல் மெலிந்து வந்து நின்று, “நஞ்செல்லாம் போயிற்று” என்றார். அவரையும் எம்மையும் அறிந்த மருத்துவர் ஒருவர், “அண்ணை, உண்ண முன்னர் எவ்வளவு இருந்தது, உண்ட பின்னர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களோ?” என வினாவினார். நண்பர் விடை கூறவில்லை. அளக்காத ஒன்று குறைந்தது என்று கூறுவது விஞ்ஞானமுமன்று, வியாபாரத்தில் நேர்மையுமன்று.

இவ்வழிகளின் குறைபாட்டை ஒவ்வொன்றாக நோக்குவோம். பேதிமருந்து குடலில் உள்ளதைப் போக்கும். கொழுப்பிலும் குருதியிலும் எலும்பிலும் குடியிருப்பதை அது தொடாது. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. கொழுப்பிற் கரைந்த பொருள் அவ்வழியே போவது மிகச் சொற்பம். விரைந்து உடல் மெலிதலோ இன்னும் சிந்தித்தற்குரியது. கொழுப்புக் கரையும்போது அதிலே ஒதுங்கியிருந்த பொருள்கள் குருதியிற் கலக்கின்றன; எடை விரைந்து குறைந்தவர் குருதியில் இவற்றின் அளவு உயர்வதை ஆய்வாளர் அளந்து கண்டுள்ளனர். எனவே பட்டினி, நஞ்சை இடம் மாற்றுகின்றது. வெளியேற்றுகின்றது எனக் கூறுதல் தகாது. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இத்தகைய விளையாட்டுகளில் ஈடுபடலாகாது.

இயற்கை என்னும் சொல்லே காப்பாகிவிடுவதுமில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் விற்கப்பட்ட தென்னாசிய மூலிகை மருந்துகள் 70ஐப் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆசெனிக்கோ காணப்பட்டது. குருதியைத் தூய்மையாக்கும் என நாம் போற்றும் மஞ்சளும் தப்பவில்லை. வங்காள தேசத்திலே மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்று என்னும் வர்ணப்பொடி பூசப்பட்டு வந்தது. 2019இல் அந்நாட்டுச் சந்தை மஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் காணப்பட்டது. நஞ்சு போக்க உண்பதே நஞ்சாக இருந்தவாறு இது. எம் முன்னோர் மருத்துவத்தை இழித்துரைப்பது எம் கருத்தன்று. அம்மருத்துவத்தை உண்மையாக மதிப்பார், அதன் பெயரால் விற்கப்படும் பொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப அஞ்சார் என்பதே எம் கருத்து.

அவ்வாறாயின் உள்ளிருப்பதை வெளியேற்ற ஒரு வழியுமே இல்லையோ எனின், சிறிது உண்டு. அதனையும் நேர்மையாகக் கூறுதல் கடன். அவுஸ்திரேலியாவிலே நுரையோடு பழகிய தீயணைப்போர் 285 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை குருதியின் திரவப் பகுதியைத் தானம் செய்தவர்களில் பி.எவ்.ஓ.எஸ். ஏறத்தாழ நூற்றுக்கு 30உம், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுக் குருதியைத் தானம் செய்தவர்களில் நூற்றுக்கு 10உம் குறைந்தன. குருதி போகும்போது அதனைப் பற்றியிருந்ததும் உடன் போயிற்று என்பதே இதன் பொருள். டென்மார்க்கில் நீரும் மேய்ச்சலும் மாசுற்ற ஊரார்க்குக் கொலஸ்திரோலைக் குறைக்கும் பழைய மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தனர். பித்தத்தோடு குடலுக்கு வந்து மீண்டும் உடலுக்குள் ஏறும் பொருளை அம்மருந்து குடலிலேயே பற்றிக்கொண்டமையால் பன்னிரண்டு வாரத்திற் பி.எவ்.ஓ.எஸ். நூற்றுக்கு 60 அளவு குறைந்தது. தானியங்களின் பசைத்தன்மையான நார்ச்சத்தும் இவ்வாறே சிறிதளவு உதவக்கூடும் எனச் சிற்றாய்வுகள் குறிப்பாகக் காட்டுகின்றன. ஆனால், இவை பெருஞ் சுமை ஏறியவர்க்கு மருத்துவர் மேற்பார்வையில் ஆவன; நலமாயுள்ளோர் தாமே கைக்கொள்வன அல்ல.

ஏனையோர்க்கு உரிய வழி யாது? யாழ்ப்பாணத்துக் கிணற்றை அறிந்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. கிணற்றின் நீர்மட்டம் இறைப்பினால் மட்டும் அமைவதன்று, ஊற்றினாலும் அமைவது. எத்தனை பேர் துலா மிதித்து இறைத்தாலும் ஊற்றுக்கண் திறந்திருக்குமட்டும் மறுநாட் காலையில் நீர் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். உடலும் அத்தகையதே. ஈரலும் சிறுநீரகமும் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கின்றன. மெதுவாக இறைக்கின்றன, அவ்வளவே. பி.எவ்.ஓ.ஏ. அரைவாசியாகக் குறைவதற்குச் சுமார் 3 ஆண்டு என்று கொள்வோம். ஊற்றை அடைத்தால் மூன்றாண்டில் அரைவாசி, ஆறாண்டிற் காற்பங்கு, ஒன்பதாண்டில் அரைக்காற்பங்கு எஞ்சும். முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருமுன்னர் அதன் சுமை எட்டில் ஒன்றாகிவிடும். சூரணமும் வேண்டா, நீராவியும் வேண்டா. உட்புகுதலை நிறுத்துதலும், பொறுமையோடு காத்திருத்தலுமே இயற்கை வழி. விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லாமையால் அதனை எவரும் விளம்பரம் செய்வதில்லை.

தங்காத பொருள்களிடத்து இவ்வழியின் பயன் இன்னும் விரைவிற் புலப்படும். தகரப் பேணிகளின் உட்பூச்சிலும் சில பிளாஸ்ரிக்குகளிலும் உள்ள பிஸ்பினோல் ஏ என்னும் பொருளை உடல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் போக்கிவிடும். அமெரிக்காவில் ஐந்து குடும்பத்தார்க்குப் பேணியிலும் பிளாஸ்ரிக்கிலும் அடைக்கப்படாத புத்துணவை மூன்று நாள் கொடுத்தபோது அவர்தம் சிறுநீரில் அப்பொருள் நூற்றுக்கு 66 குறைந்ததை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மூன்று நாட் புத்துணவு செய்ததை எந்தச் சூரணமும் செய்ததாக யாம் அறியோம்.

ஊற்றை அடைக்கும் முறைகள் எமக்குப் புதியனவல்ல. வாயிலிற் காலணியைக் கழற்றிக் கால் கழுவி உட்புகுதல், ஈரத் துணியால் நிலம் துடைத்தல், சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் விடுதல், உண்ணுமுன் கை கழுவுதல் என்பன எம் அன்னையர் கற்பித்தவை. தூசியோடு சேர்ந்த புரோமீன் பொருள்களையும் ஈயத்தையும் இவையே குறைக்கின்றன. உலர்ந்த தும்புத்தடி தூசியைக் கிளப்பும். ஈரத்துணி அதனைப் பிடிக்கும். இரும்புத் தோசைக்கல்லும் மண்சட்டியும் துருவேறா உருக்குப் பாத்திரமும் எந்தப் பூச்சையும் வேண்டுவனவல்ல. ஒட்டாச் சட்டியே எல்லாக் கேட்டுக்கும் மூலம் எனக் கூறுவது நேர்மையன்று. அதன் உறுதியான பூச்சு பெரும்பாலும் உடலிற் சேராது. ஆயினும், வெறுஞ்சட்டியாக மிகச் சூடேறினால் அது நச்சுப் புகை விடும். சட்டியினும் அதனை ஆக்குங்கால் நீரிற் கலந்த பொருள்களே பெருங் கேடு விளைத்தன. சூடான சோற்றையும் கறியையும் பிளாஸ்ரிக்கிலும் எண்ணெய் ஊறாக் கடதாசியிலும் கட்டாது வாழையிலையிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ கொண்டு செல்லலாம். பொலித்தீன் சாப்பாட்டுத் தாளை 2017இல் அரசாங்கம் தடை செய்தது; அத்தடையை எம் சமையலறைகள் எவ்வளவு மதித்தன என்பதை அவரவர் நெஞ்சே கூறட்டும்.

உணவாலும் ஓரளவு காப்பு உண்டு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். குரக்கன், எள்ளு, பால், தயிர், முருங்கையிலை, பயறு, நெல்லிக்கனி என்பன நிறைந்த உணவு குழந்தையை இவ்வகையிற் காக்கும். மஞ்சளையும் மிளகாயையும் முழுதாக வாங்கிக் கழுவி உலர்த்தி இடிப்பித்தல் நன்று. தாய்மார் இதனைப் படித்து, தம் பாலிலும் இவை இருக்குமோ என அஞ்சிப் பாலூட்டலை நிறுத்தலாகாது. இருக்கக்கூடும், ஆயினும் தாய்ப்பாலின் நன்மை அதனினும் பன்மடங்கு பெரிது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார தாபனத்தின் முடிந்த முடிபு. அஞ்சவேண்டியவர் தாயரல்லர்; அவர்தம் நீரிலும் உணவிலும் இவற்றைக் கலக்கவிட்டு வாளாவிருக்கும் ஏனையோரே.

இங்கேதான் எம் கருத்தின் உயிர்நிலை உள்ளது. தனியொருவர் தம் வீட்டைத் தூய்மையாக்குதல் நன்று. ஆயினும் அதனால் மட்டும் ஊற்று அடைபடாது. எம் வளவிற் புகை இல்லாவிடினும் அயல் வளவுப் புகை வேலி தாண்டி வரும். உலகிலே மனிதர் உடலின் சுமை உண்மையாகக் குறைந்த இடங்களை நோக்கின், எங்கும் அது பொது முடிவினாலேயே குறைந்துள்ளது. சுவீடன் நாட்டுத் தாய்ப்பாலில் 1972 முதல் 1997 வரை டி.டி.ரி. தொடர்ந்து குறைந்தது, அந்நாடு அதனை விலக்கியமையே காரணம். அதே காலத்தில், எவரும் விலக்காத புரோமீன் பொருள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்து வந்தது. விலக்கத் தொடங்கிய பின்னரே அதுவும் இறங்கியது. ஒரே தாயர், ஒரே உணவு. விலக்கியது குறைந்தது, விலக்காதது கூடியது. ஐக்கிய அமெரிக்காவில் 2000இல் பி.எவ்.ஓ.எஸ். உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவிக்கப்பட்டபின், 2018 அளவில் மக்கள் குருதியில் அது நூற்றுக்கு 85க்கும் மேலாகக் குறைந்தது. அங்கு எவரும் சூரணம் உண்ணவில்லை.

ஈயத்தின் கதையும் இதுவே. பெற்றோலிலும் வர்ணத்திலும் ஈயம் விலக்கப்பட்டமையால், 1976–80 காலத்தில் டெசிலீற்றர் ஒன்றுக்கு 15 மைக்கிரோகிராம் அளவில் இருந்த அமெரிக்கச் சிறார் குருதி ஈயம் இன்று 1க்கும் கீழே இறங்கியுள்ளது. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. வங்காள தேசத்து மஞ்சளை முன்னே கூறினோம். அரசு ஆலைகளைச் சோதித்தது. கலப்படம் செய்தோரைத் தண்டித்தது. பத்திரிகைகள் மக்களுக்கு உணர்த்தின. 2021இல் ஈயம் கலந்த மஞ்சள் மாதிரி ஒன்றேனும் அங்கு அகப்படவில்லை. ஈராண்டில் நிகழ்ந்தது இது. நம்மினும் செல்வம் மிக்க நாடன்று அது.

சிலர் கூறுவர்: “போரும் இடப்பெயர்வும் பஞ்சமும் கண்ட மக்களுக்கு நனோகிராம் பற்றிய கவலை ஏன்?” இக்கூற்றை யாம் எளிதிற் புறந்தள்ளோம். அகதி முகாமிற் கூடாரத்தில் வாழ்ந்தோர்க்கு இவ்வுபதேசம் செய்திருப்போமாயின் அது கொடுமையாகும். ஆனால், இன்று வீடுகளைக் கட்டுகின்றோம். பள்ளிகளுக்கு வர்ணம் பூசுகின்றோம். வெளிநாட்டு உறவினர் பணத்தாற் சமையலறைகளைப் புதுக்குகின்றோம். புதிதாகக் கட்டும்போது பழைய தவறுகளை உள்ளே வைத்துக் கட்டவேண்டியதில்லை. மேலும், யாம் கூறிய வழிகளிற் செலவு மிகுந்தது எது? இரும்புக் கல் பூச்சுச் சட்டியைப்போல ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதன்று. ஈரத்துணிக்கும் திறந்த சாளரத்துக்கும் விலையில்லை. குப்பையைக் கொளுத்தாதிருத்தற்குப் பணம் வேண்டியதில்லை.

ஆதலின், கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, விழாவையொட்டி வகுப்பறைகளுக்கு வர்ணம் பூசும் திருப்பணி பற்றியது. வர்ணங்களில் ஈயத்துக்கு இலங்கையில் எல்லை வகுத்து வர்த்தமானியில் அறிவித்தது 2011இலேயாம். அதற்கு முன்னர்ப் பூசிய கதவு, சாளரம், வாங்கு, இரும்புக் கிராதி யாவற்றிலும் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே உரஞ்சித் தூள் பறக்கவிடாது, நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, தூளை ஒழுங்காகச் சேர்த்து அகற்றி, பிள்ளைகள் இல்லாத விடுமுறைக் காலத்திலேயே அவ்வேலையைச் செய்விக்க வேண்டும். புது வர்ணம் ஈயமற்றது எனச் சான்று பெற்றே வாங்க வேண்டும். அன்போடு செய்யும் தொண்டு பிள்ளைகளுக்குத் தீங்காய் முடிதல் ஆகாது.

இரண்டாவது, கல்லூரி வளவிலும் விடுதியிலும் எக்காரணங்கொண்டும் குப்பை கொளுத்தலாகாது. இலைகுழை பசளையாகட்டும், பிளாஸ்ரிக்கைப் பிரித்துப் பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ ஒப்படைக்கட்டும். மூன்றாவது, விடுதிச் சமையலறையிலும் விழா விருந்திலும் பூச்சுப் பாத்திரமும் பிளாஸ்ரிக் கோப்பையும் நுழையாதிருக்கட்டும். வாழையிலைப் பந்தி எமக்குப் பழக்கமானதே. நான்காவது, விஞ்ஞானம் பயிலும் உயர்தர மாணவர் கல்லூரிக் கிணற்று நீரையும் வகுப்பறைத் தூசியையும் ஆண்டுதோறும் எடுத்துத் தகுந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அளந்து, முடிவை வரும் மலர்களில் வெளியிடட்டும். அதற்கான செலவைச் சங்கம் ஏற்கட்டும். அளந்து பார்ப்பதைப் பழக்குதலினும் பெரிய விஞ்ஞானக் கல்வி இல்லை.

இவற்றோடு நாட்டளவிலும் குரல் கொடுத்தல் வேண்டும். தங்கும் நஞ்சுகளை விலக்குதற்கான ஸ்ரொக்கோம் உடன்படிக்கை 2001இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதனை 2005இல் ஏற்றுக்கொண்டது. தொடக்கத்திலே 12 பொருள்களைக் கொண்டிருந்த அதன் பட்டியலிற் பி.எவ்.ஓ.எஸ். 2009இலும், பி.எவ்.ஓ.ஏ. 2019இலும் சேர்க்கப்பட்டன. ஏட்டில் உள்ளது சந்தையிலும் குடிநீரிலும் நடைமுறையாக வேண்டுமாயின் கேட்போர் வேண்டும். எம்மிடையே வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, நிருவாகிகள் எனப் பலர் உளர். கல்லூரி அவர்களைக் கற்பித்தது, கேட்கவேண்டிய இடத்திற் கேட்கும் தகுதி உண்டாதற் பொருட்டன்றோ?

அம்மான் இன்று இல்லை. மலேரியா அற்ற நாட்டைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. அவர் இருந்திருந்தால், அந்த வெண்பொடியை அவர் பழிக்கமாட்டார், யாமும் பழிக்கவில்லை. அவர் தலைமுறைக்கு உயிரா நஞ்சா என்னும் வினா எழுந்தது. அவர்கள் உயிரைத் தெரிந்தனர். எம் முன்னுள்ள வினா அத்துணைக் கடினமானதன்று. கறை பிடியாத் துணிக்காகவும், கழுவ எளிதான சட்டிக்காகவும், கொளுத்த எளிதான குப்பைக்காகவும் பேரப்பிள்ளைகளின் குருதியை ஈடுவைக்கவேண்டுமா என்பதே அவ்வினா. அடுத்த விழா மலரை எழுதப்போகும் மாணவர் இன்று கீழ் வகுப்புகளில் இருக்கின்றனர். இன்று ஊற்றை அடைத்தால், அவர்கள் எழுதக் குந்தும் நாளில் அவர்தம் உடற்சுமை பெரிதும் இறங்கியிருக்கும். யாம் விட்டுச் செல்லும் முதுசொத்தில் அதனினும் நல்ல பங்கு வேறில்லை.